கவுன்சிலர் ஷமீமாவின் கையெழுத்து

தலைவர் காளிராஜைக் கட்சி பதவியிலிருந்து எடுத்துவிடுமா, எடுக்காதா? சாலைக்கிணறு பேரூராட்சியில் அந்த மாதம் முழுக்க இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. டீக்கடையில் இதே பேச்சு, பள்ளிவாசல் முன்னால் இதே பேச்சு, ராஜபாளையத்திலிருந்து வரும் மினிபஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக் கிழிக்கும்போதும் இதே பேச்சு. எடுத்துவிடும் என்று அடித்துச் சொன்னவர்களில் ஒருத்தி ஏழாவது வார்டு கவுன்சிலர் ஷமீமா. அவளும் அதே கட்சிதான். மற்றவர்கள் வாய்க்கு ருசியாகப் பேசினார்கள். இவள் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

அந்த ஒருத்தி வெள்ளத்தாய். சுந்தரபாண்டியத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர். காலை ஆறரைக்கெல்லாம் பச்சை டிரம்மும் நீல டிரம்மும் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு விசில் ஊதியபடி ஷமீமாவின் தெருவுக்குள் வருவாள்.

நடந்ததை ஊரே போனில் பார்த்தது. பேரூராட்சித் தலைவர் காளிராஜ் தன் சொந்தக் கல்யாண மஹாலில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். பந்தி நடக்கிற நேரம் பார்த்து வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலேறிவிட்டது. அடைப்பு எடுக்கிற வண்டி பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வெள்ளத்தாயைக் கூப்பிட்டு விட்டார்கள். மண்வெட்டியால் எட்டுகிற மட்டும் அள்ளிச் சாந்துச்சட்டியில் போட்டாள். அடைப்பு போகவில்லை. இறங்கிக் கையை விட்டு எடு என்றார் காளிராஜ்.

"ஐயா, கைய விடணும்னா கிளவுஸ் குடுங்க. உள்ள பாட்டில் சில்லாக் கெடக்கு" என்றாள் வெள்ளத்தாய்.

அவள் கேட்டது அவ்வளவுதான். பட்டுவேட்டி கட்டியிருந்த காளிராஜ் இரண்டு எட்டு முன்னால் வந்தார். அவள் அள்ளி வைத்திருந்த சட்டியைத் தூக்கினார். அவள் தலையில் கவிழ்த்தார். "இந்தா, ஒடம்பு பூரா கிளவுஸ் போட்டாச்சு. எறங்கு" என்றார். சுற்றி நின்றவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் கை துடைத்துக்கொள்ள ஒருத்தன் ஓடிவந்து துண்டை நீட்டினான். தூ! அந்தத் துண்டு நீட்டினவன் எதிரே வந்தால் ஷமீமா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

அவள் போனில் பார்க்கவில்லை, நேரிலேயே பார்த்தாள். பிள்ளைக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் டப்பாவும் கையுமாக மஹால் படியில் நின்றிருந்தாள். தலையிலிருந்து சகதி வழிய நின்ற வெள்ளத்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது இவளைத்தான். நம்ம தெரு அம்மா, கவுன்சிலர், ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று பார்த்திருப்பாள். "கவுன்சிலரம்மா, பந்திக்கு வாங்க" என்று யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஷமீமா போனாள். போய் உட்காரவும் செய்தாள். இலையில் பாயாசம் விழுந்ததும் எழுந்துவிட்டாள். எழுந்து வீட்டுக்குத்தான் வந்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. அதற்குள் வெள்ளத்தாய் வெறுங்கையோடு சாக்கடைக்குள் இறங்கியிருந்தாள்.

வீடியோ இரண்டே நாளில் டிவிக்குப் போய்விட்டது. உடனே கட்சிக்காரர்களுக்கு வந்த பாசத்தைப் பார்க்கவேண்டுமே! பத்துப் பேர் வெள்ளத்தாயின் வீடு தேடிப் போனார்கள். சிவப்புக் கிளவுஸ், முகக்கவசம், பளபளா ஜாக்கெட் எல்லாம் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும், கூடவே வந்த பேரூராட்சி ஆபீஸ் ஆள், "இருப்புல வைக்கணும்" என்று எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸில் அவள் கொடுத்த புகார் விசாரணையில் இருந்தது. காளிராஜ், சட்டி கை தவறிவிட்டது என்றார். 'கட்சிக்குக் களங்கம் விளைவிப்பவர் யாராக இருந்தாலும் நடவடிக்கை பாயும்' என்று தலைமை அறிக்கை விட்டது. ராஜினாமா பண்ணச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதனால் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களை வைத்தே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவானது.

இந்த இடத்தில் சாலைக்கிணற்றின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். பதினைந்து வார்டில் எட்டு பெண்களுக்கு. எட்டுப் பெண்கள் ஜெயித்தார்கள், எட்டு ஆண்கள் கவுன்சிலர் ஆனார்கள். கூட்டத்துக்குப் போவது புருஷன், நாற்காலியில் உட்காருவது புருஷன், வருகைப் பதிவேட்டில் பெண்சாதி பெயரை எழுதுவதும் புருஷன். ஒரு வார்டில் மட்டும் கொழுந்தன். ஆபீஸிலும் யாரும் கேட்பதில்லை, கேட்டால் தங்களுக்குத்தான் வேலை கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஷமீமாவின் புருஷன் நவாஸுக்கு ராஜபாளையத்தில் மெத்தைக் கடை. கவுன்சிலரின் லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் அந்தக் கடை மேஜை டிராயரில் இருக்கும். ஊரில் கவுன்சிலர் என்றால் அவன்தான். இவள் பி.காம். படித்தவள்.

பதவியேற்ற அன்றைக்கு ஷமீமா நேரில் போய் உறுதிமொழி வாசித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கவுன்சிலராக அவள் போட்ட முதல் கையெழுத்தும் அதுதான், கடைசிக் கையெழுத்தும் அதுதான். அதன்பிறகு நாலு வருஷமாக அவள் பெயரை நவாஸ் எழுதினான். முதல் எழுத்தைப் பெரிதாக வளைத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் ஒரு கோடும் கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைப்பான். மந்திரி கையெழுத்து தோற்றுப்போகும்.

கட்சியின் பேரூர்ச் செயலாளர் அழகுராஜா தீர்மான மனுவோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கும் அதே கதைதான்.

"தங்கச்சி, இந்த ஆள இனிமே ஒரு நிமிசம் வச்சிருக்கக் கூடாது. அந்த வீடியோவப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல பாத்துக்கோ" என்றான் ஷமீமாவிடம். சொல்லிவிட்டுப் பேனாவை நவாஸிடம் நீட்டினான். "மாப்ள, இந்தா."

"குடுங்கண்ணே, நான் போடுதேன்" என்றாள் ஷமீமா.

நவாஸ் சிரித்தான். "நீ போட்டா மாறிப்போயிரும்ட்டி. ஆபீஸ்ல அம்புட்டுலயும் என் கையெழுத்துதான் கெடக்கு. நீ போயி அழகுக்கு டீ போடு."

அவள் டீ போடப் போனாள். யார் போட்டால் என்ன, அந்த ஆள் தொலைந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள். இப்படி நினைத்து நினைத்துத்தானே நாலு வருஷம் போயிருக்கிறது!

பன்னிரண்டு கையெழுத்தோடு மனு மேலதிகாரிக்குப் போயிற்று. மறுநாள் காலையில் வெள்ளத்தாயின் விசில் கேட்டதும் ஷமீமா வாசலுக்கு ஓடினாள். காதுகுத்து நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக் குப்பை கொடுக்கத் தைரியம் இல்லாமல் வாளியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளத்தாயக்கா, அந்த ஆளு போயிருவான். கட்சியே முன்னால நின்னு எடுக்குது. பன்னெண்டு கையெழுத்து."

வெள்ளத்தாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்த கையையே பார்த்தாள். "நெசமாவே எடுத்துருவாகளாம்மா? எங்க வீட்டுல அவிய சிரிக்காக. கட்சிக்காரன கட்சிக்காரன் எடுப்பானாங்காக."

"எடுத்துருவாகக்கா. நான் சொல்லுதேன்ல."

"அதுல ஒங்க கையெழுத்தும் இருக்காம்மா?"

ஷமீமாவுக்கு ஒரு நொடி நாக்கு எழவில்லை. "இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்று வாரம் போனது. தேர்தல் பேச்சு அடிபட ஆரம்பித்தது. காளிராஜ் சும்மா இருப்பாரா? தன் ஆட்களையும் வேன்களையும் மஹாலையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கட்சிக்குப் போகப்போவதாக ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், கட்சிக்கு அவருடைய சட்டி கைதவறித்தான் விழுந்தது என்று புரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, சோறு இறங்காத அந்த அழகுராஜாவுக்குக் காளிராஜ் பொன்னாடை போர்த்துகிற போட்டோ எல்லார் போனுக்கும் வந்தது. இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். கருமம், போட்டோவின் ஓரத்தில் நவாஸும் நின்றான்.

மறுநாள் மத்தியானம் எட்டுப் பெண் கவுன்சிலர்களையும் அவர்களுடைய ஆண்களையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச்சொல்லியிருந்தார்கள். தேரடிக்குப் பின்னால் ஒரு சின்ன மஹால். வாசலிலேயே ஒரு கூடையை நீட்டிப் போனையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். ஆளுக்கொரு தட்டில் பால்கோவாவும் மிக்சரும் வந்தது. கட்சியின் வக்கீல் வேங்கடேசன் எழுந்தார். மாட வீதிக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருமண், குரலும் மெதுவான குரல்.

"விஷயம் சின்னதுதான். மனுவை நாம வாபஸ் வாங்கினா கட்சி பின்வாங்கிடுத்துன்னு பத்திரிகையில எழுதுவான். அதனால மனு தானா விழணும். புதன்கிழமை இங்கேயே விசாரணை. அதிகாரி ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, இது உங்க கையெழுத்தான்னு கேட்பார். ஆண் கவுன்சிலர் நாலு பேரும் அவாளே போட்டது, அதை மறுக்க முடியாது. நீங்க எட்டு பேரும், எங்களோடது இல்லைன்னு சொல்லிடுங்கோ. பதினஞ்சுல பாதியாவது, அதாவது எட்டு கையெழுத்தாவது வேணும். மிச்சம் நாலுதான் இருக்கும். மனு தள்ளுபடி. அப்புறம் ஒரு வருஷத்துக்கு யாரும் பேச முடியாது."

"எங்க மேல கேசு கீசு வந்துராதுல்லா சார்?" என்றான் நவாஸ். முன்வரிசையில் மற்ற ஏழு தலையும் ஆடியது.

"யார் போட்டான்னு தெரியாதுன்னு சொல்லட்டும், போதும். அதிகாரி குறிப்பெழுதி மூடிடுவார், பேசியாச்சு."

பின்னாலிருந்து ஷமீமா எழுந்தாள். எழுந்தது அவளுக்கே ஆச்சரியம். "அப்பம் வெள்ளத்தாய்க்கு என்ன பதிலு சார்?"

மஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நவாஸ் கண்ணாலேயே உட்காரச் சொன்னான். வேங்கடேசன் கோபப்படவில்லை. சிரித்தார்.

"அம்மா, உங்களைப் பொய் சொல்லச் சொன்னா தப்பு. நாங்க உண்மையைத்தானே சொல்லச் சொல்றோம்? அது உங்க கையெழுத்தா? இல்லையே."

ஷமீமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மனுஷன் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. நாலு வருஷம் ஆணுக்கு வசதியாக ஒரு பொய்யை ஓட்டினார்கள், இப்போது அதே ஆணுக்கு வசதியாக உண்மையைப் பேசச்சொல்கிறார்கள். அதையும் பால்கோவா கொடுத்துச் சொல்கிறார்கள். தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுக் கைகழுவுகிற இடத்துக்குப் போனாள்.

அவளுக்குப் பின்னாலேயே மூன்றாவது வார்டு அங்காளம்மாள் வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், கட்சி மேடையில் ஆரத்தி எடுக்க எப்போதும் இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"பாத்தியா தாயி இந்தக் கண்றாவிய! எம்புட்டு நைசாப் பேசுதான் அந்த மனுசன்!"

ஷமீமா குழாயை மூடினாள். "யக்கா, மிச்சம் நாலு இருக்கும்னாரே, கவனிச்சியா? நம்மள்ல நாலு பேரு, அது எங்க கையெழுத்துதான்னு சொல்லிட்டா எட்டு ஆயிரும். மனு விழாது."

"சொல்லிறலாம். போட்டுக் காட்டுன்னா? எங்க வீட்டு ஆளு கோழி கிண்டுனாப்புல போட்டிருக்கும்."

"பழகிக்கிடுவோம். நாலு நாளு இருக்கு."

அங்காளம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நம்ம பேர நாமளே கள்ளக் கையெழுத்துப் போடப் பழகணுமா? நல்ல கூத்துட்டி இது!" சிரித்து முடித்துவிட்டு ஷமீமாவின் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினாள். "சரி, நான் வாரேன்." ஒன்பதாம் வார்டுக்காரியையும் பன்னிரண்டாம் வார்டுக்காரியையும் அவளே பேசிச் சரிக்கட்டினாள். இரண்டு பேருமே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அழுதவர்கள்தான். நாலு பேர் சேர்ந்தாயிற்று.

நவாஸ் கடைக்குப் போனபிறகு, மத்தியான லுகர் தொழுதுவிட்டு, ஷமீமா சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நவாஸ் போட்ட பழைய வருமானச் சான்றுச் சிபாரிசுக் கடிதம் ஒன்று அலமாரியில் கிடைத்தது. அதை முன்னால் வைத்துக்கொண்டு, கிழித்துப்போட்ட தேதித்தாள்களின் முதுகில் எழுதிப் பழகினாள். முதல் நாள் அவள் போட்டது எல்லாம் அவள் எழுத்தாகவே வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரி நேராக, அடக்கமாக. நவாஸின் வளைவு வரவில்லை. அந்த வாலை இழுக்க ஒரு திமிர் வேண்டும், பேனாவை எடுக்காமல் ஒரே வீச்சில் போகவேண்டும். தொழுகைப் பாயை மடித்த கையோடு பொய்க் கையெழுத்துப் பழகுகிறோமே என்று நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. அல்லாவுக்குத் தெரியும், யார் எதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாவது நாள் சாயங்கால அசர் பாங்கு சொல்கிற நேரத்தில் ஒன்று அச்சாக வந்தது. கோடு, கீழே இரண்டு புள்ளி, எல்லாம் அதேபோல். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தாள்களை அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள்.

புதன்கிழமை காலை விசாரணை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசுக் கட்டடத்தின் மாடி, நீளமான வராண்டா, கடைசியில் அதிகாரியின் அறை. வார்டு வரிசைப்படி கூப்பிட்டார்கள். ஆண்கள் படிக்குக் கீழே நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டதால் எட்டு ஆண்களும் கீழே வேப்பமரத்தடியில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். நாலு வருஷத்தில் கவுன்சிலர் என்று கூப்பிட்டு இந்தப் பெண்கள் உள்ளே போவது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வார்டு. அங்காளம்மாள் எழுந்து போனாள். போகும்போது ஷமீமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகப் படியைப் பார்த்து நடந்தாள்.

ஷமீமா மறித்தாள். "யக்கா?"

"மன்னிச்சுரு தாயி." அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "நேத்து எங்க வீட்டுக்காரரு என் கால்ல விழுந்துட்டாரு. ஆம்பள, என் கால்ல! நீ போட்டு மாறிப்போனா நான் மாட்டிக்கிடுவேன், என்னைய ஜெயிலுக்கு அனுப்பிறாதட்டின்னு புள்ளைய முன்னால அழுதாரு. நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் ஆகாதுன்னுதானே வக்கீலு சொன்னாரு? நாம இல்லைன்னு சொன்னாத்தானக்கா அவியளுக்கு வம்பு, நம்மதுன்னு சொன்னா ஏது கேசு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியல. என்னைய விட்ரு." அவள் இறங்கிப் போய்விட்டாள்.

பெஞ்சில் இருந்த ஒன்பதும் பன்னிரண்டும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஷமீமாவுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. இனி எட்டு வராது. அவள் உள்ளே போய் என்ன சொன்னாலும் காளிராஜ் தலைவர்தான். உண்மையைச் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் நிம்மதி, கட்சியில் நிம்மதி, வம்பு இல்லை. 'ஒங்க கையெழுத்தும் இருக்காம்மா' என்று கேட்டவள் மட்டும் நாளைக்கு ஆறரை மணிக்கு விசில் ஊதிக்கொண்டு வருவாள். ஏழாவது வார்டு என்று கூப்பிட்டார்கள்.

அதிகாரி வயதானவர், ரிட்டயர் ஆகிற களைப்பு முகத்தில் இருந்தது. மனுவை அவள் பக்கம் திருப்பினார். "இது நீங்க போட்ட கையெழுத்தாம்மா?" கேட்கும்போதே அடுத்த வரியில் 'இல்லை' என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

"என்னோடதுதான் சார்."

பேனா நின்றது. அவர் அவளைப் பார்த்தார். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "மூணு தடவை போட்டுக் காட்டுங்க."

ஷமீமா போட்டாள். வளைவு, வால், கோடு, இரண்டு புள்ளி. மூன்றும் ஒரே அச்சு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பதவியேற்புப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இதுல வேற மாதிரி இருக்கே?"

அங்கே அவளுடைய நேரான, அடக்கமான எழுத்து இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய ஷமீமா.

"அது புதுசுல போட்டது சார். அதுக்குப் பொறவு கூட்டம் நடந்த அம்புட்டு பதிவேட்டுலயும் பாருங்க. எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும். எது என் கையெழுத்துன்னு ஆபீஸே நாலு வருசமா ஒத்துக்கிட்டு இருக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுதவேண்டியதைத்தானே எழுத முடியும்! 'பொருந்துகிறது' என்று எழுதினார். "பெண்கள்ல ஒருத்தரோடதாவது பொருந்துதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஷமீமா வெளியே வந்தாள். ஒன்பதும் பன்னிரண்டும் தங்கள் முறை வந்ததும் உள்ளே போய், இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

நாலும் ஒன்றும் ஐந்து. மனு தள்ளுபடி. சாயங்காலமே சாலைக்கிணற்றில் வெடி போட்டார்கள். காளிராஜ் திறந்த ஜீப்பில் ஏழாவது வார்டு வழியாகத்தான் முதலில் போனார். சத்தியம் வென்றது என்று மைக்கில் ஒருத்தன் கத்திக்கொண்டே போனான்.

நவாஸ் வீட்டு வாசலைத் தாண்டியதும் வெடித்தான். "எதுக்குட்டி இப்படிப் பண்ணுன? புது பஸ் ஸ்டாண்டு காம்ப்ளெக்ஸ்ல நமக்கு ஒரு கடை ஒதுக்குதேன்னு அவரு வாயால சொன்னாரு. எல்லாம் போச்சு! எம் மொகத்துல கரியப் பூசிட்டியே!"

"நாலு வருசம் நீங்க என் கையெழுத்தப் போட்டிய. ஒரு நா, ஒரே ஒரு நா நான் உங்க கையெழுத்தப் போட்டேன். அதுக்கே இம்புட்டுக் கோவம் வருதா?" என்றாள் ஷமீமா. "டிராயர்ல இருக்க லெட்டர்பேடும் ஸ்டாம்பும் நாளைக்கு வீட்டுக்கு வரணும்."

நவாஸ் காம்ப்ளெக்ஸ் கடையையே சொல்லிப் புலம்பிக்கொண்டு சட்டையைக் கழற்றி மாட்டினான்.

இரண்டு நாள் கழித்துத் தலைமையின் அறிக்கை வந்தது. பார்த்தால் பழைய அறிக்கையின் களங்கம் அப்படியே இருந்தது, நடவடிக்கை பாய்ந்த ஆள்தான் வேறு. 'கட்சிக் கட்டுப்பாட்டை மீறியும் கட்சிக்குக் களங்கம் விளைவிக்கும் வகையிலும் செயல்பட்ட ஏழாவது வார்டு உறுப்பினர் ஷமீமா, கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உள்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார்.' அதே நாளில், நன்றி தெரிவிப்பதற்காகக் காளிராஜ் எல்லாக் கவுன்சிலர் வீட்டுக்கும் அனுப்பிய பால்கோவாப் பெட்டியும் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவனுக்கு லிஸ்டில் அவள் பெயரை அடிக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள் போல. பெட்டி மூடி முழுக்கக் காளிராஜ் கைகூப்பிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலையில் விசில் கேட்டது. ஷமீமா குப்பை வாளியோடு அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இந்தத் தடவை வெள்ளத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"யம்மா, கட்சியில எடுத்தாச்சுன்னு தெருவுல பேசிக்கிட்டாக. யார எடுத்தாகன்னு வெளங்கல" என்றாள் வெள்ளத்தாய்.

"என்னையத்தானக்கா எடுத்தாக."

வெள்ளத்தாய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் தெருவோரம் திரும்பிக் காறித் துப்பினாள். "ஒங்க கையெழுத்து இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு" என்றாள் ஷமீமா. இந்தத் தடவை நாக்கு எழுந்தது.

வெள்ளத்தாய் தலையை ஆட்டிக்கொண்டு வாளியை வாங்கிக் கொட்டினாள். ஷமீமா பெட்டியைத் திறந்து பால்கோவாவை மொத்தமாகப் பச்சை டிரம்முக்குள் கவிழ்த்தாள். வெறும் பெட்டியை நீட்டினாள். வாங்க வந்த வெள்ளத்தாயின் கை, மூடியில் இருந்த முகத்தைப் பார்த்ததும் பின்னால் போய்விட்டது. கண்ணாடிச் சில்லுக் கீறல் ஆறாத வெறுங்கை.

"அத நீங்களே போட்டுருங்கம்மா" என்றாள். "கிளவுஸ் இல்லாம அதத் தொட என்னால ஏலாது."

ஷமீமா பெட்டியை நசுக்கி நீல டிரம்முக்குள் போட்டாள். உள்ளே போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கைகழுவினாள்.